மரத்தின் மேல் வீட்டுக்காரி

“இன்னிக்காவது இறங்குவியா, மாட்டியா?”

ரம்பக்காரர் கத்திய கத்தலில் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் தலை நிமிரவில்லை. மரத்தின் வேரைப் பார்த்தே கத்தினார்.

உச்சியில், இலைகளுக்கு நடுவே கட்டியிருந்த பலகையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

“உசிரே போனாலும் இந்த மரத்துல ரம்பம் பட விடமாட்டேன்! முதல்ல சாப்பாட்டை அனுப்புங்க. நேத்து ஒரே உப்பு!”

கயிறு இறங்கியது. ரம்பக்காரர் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிவிட்டார். மனைவி மரமேறிவிட்டால் அடுப்படி யார் தலையில் விழும்? அவர் தலையில்தான். பன்னிரண்டு நாளாகச் சமையலும் அவரே, சண்டையும் அவரே.

பக்கத்தில் நின்ற மரமில் சூப்பர்வைசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புழுதியைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் மலைச்சரிவு முழுக்க மொட்டையடித்துக் கிடந்தது. அடிக்கட்டைகள்தான் மிச்சம். முன்னால் பழங்காடு. அதன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது இந்த மரம். இதைச் சாய்க்காமல் எந்திரங்கள் உள்ளே போக முடியாது.

காட்டை வெட்டலாமா, கூடாதா என்று வெள்ளிக்கிழமை கோர்ட் சொல்லப்போகிறது. அதற்குள் வெட்டித் தள்ளிவிட்டால் கோர்ட் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது என்பது ஆபீஸின் எண்ணம். இன்று புதன்.

“அண்ணி, கொஞ்சம் யோசிங்க,” என்று சூப்பர்வைசர் அண்ணாந்து கூவினார். “இருநூறு குடும்பம் மில்லை நம்பி இருக்கு. வெட்டின இடத்துல கன்னு நடத்தானே போறோம்?”

“நட்டா தோப்பு வரும் தம்பி. காடு வருமா?”

கோர்ட்டில் கறுப்புக் கோட்டுக்காரர்கள்கூட சூப்பர்வைசரை இப்படி மடக்கியதில்லை.

“அண்ணிக்கு எப்பலேருந்து அண்ணே இந்த மரப் பைத்தியம்?”

“எல்லாம் என் தலையெழுத்து சார்.”

“நீங்களே ஏறிப்போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடலாமே?”

ரம்பக்காரரின் முகம் வெளுத்தது. “அவ கோபம் உங்களுக்குத் தெரியாது சார்.”

“எத்தனையோ மரத்தைச் சாய்ச்ச மனுஷன், கட்டின பொண்டாட்டியைச் சாய்க்க முடியல பாரு!” என்று தூரத்தில் ஒரு கூலியாள் சொல்ல, மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ரம்பக்காரரும் அசட்டுச் சிரிப்பு சிரித்து வைத்தார்.

சூப்பர்வைசரின் போன் அடித்தது. ஆபீஸ்.

“க்ரேன் தயாரா நிக்குது. பாதை தாங்குமான்னு பாத்துச் சொல்லு. நாளைக்குக் காலையில அந்தப் பொம்பளையை இறக்கிப் போலீஸ்ல ஒப்படைச்சுடலாம். புருஷனையும் அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடு.”

“பாத்துட்டுச் சொல்றேன் சார்.”

போனை வைத்தவருக்கு மனசே சரியில்லை. வேலைக்கு வந்த புதிதில், சாயும் மரத்தடியில் திகைத்து நின்ற அவரை இழுத்துப் போட்டவர் இந்த ரம்பக்காரர்தான். இப்படி ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு பிடிவாதக்காரி வாய்த்தாளே என்று இருந்தது.

“அண்ணே, நாளைக்கு க்ரேன் வருது. உங்க வேலைக்கும் சேர்த்து உலை வெச்சுட்டாங்க அண்ணி.”

ரம்பக்காரர் அப்படியே வேரில் உட்கார்ந்தார். கை தானாக மரப்பட்டையைத் தடவியது.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க சார். நான் பேசிப் பாக்கறேன்.”

“பன்னெண்டு நாளா பேசி என்ன கிழிச்சீங்க?”

அவர் பதில் சொல்வதற்குள், “அண்ணே, ரம்பச் சங்கிலி சிக்கிக்கிச்சு!” என்று கூலியாட்கள் குரல் கொடுத்தார்கள். ரம்பக்காரர் எழுந்து ஓடினார்.

சற்று நேரத்தில் காலி டப்பா கயிற்றில் இறங்கி வந்தது. சூப்பர்வைசர்தான் பிடித்தார். மூடி சரியாக இறுகவில்லை. உள்ளேயிருந்து ஒரு சீட்டு கீழே விழுந்தது.

அடுத்த வீட்டுக் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, கை சும்மா இருந்தால்தானே? கோழி கிளறிய கையெழுத்து.

‘போதும், இறங்கிடுன்னு எழுதியிருந்தீங்க. மாட்டேன். நீங்க எழுதிக் குடுத்த தோப்பு, காடு கதையைச் சரியாச் சொன்னேனா? எனக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்? முப்பது வருஷமா நிழல்ல உக்காந்து சாப்பிட்ட மரத்தை என் கையாலயே எப்படி வெட்டுவேன்னு நீங்க குழந்தை மாதிரி அழுதீங்க. ஏணியில ரெண்டு படி ஏறினாலே தலை சுத்துற மனுஷனை மரத்து மேல அனுப்ப முடியுமா? அதான் நான் ஏறினேன். வெள்ளிக்கிழமை வரைக்கும்தானே, இருந்துடுவேன். ராத்திரி மரத்தடியில படுக்காதீங்க, உங்களுக்குச் சளி பிடிக்கும். உப்பு மட்டும் குறைச்சுப் போடுங்க.’

சூப்பர்வைசர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு தூரத்தில் குனிந்து சங்கிலியைச் சரிசெய்துகொண்டிருந்தவரைப் பார்த்தார். கண்ணாடியை இன்னொரு தடவை துடைக்க வேண்டியிருந்தது. இந்த முறை புழுதியால் அல்ல. சீட்டை மடித்து டப்பாவுக்குள் வைத்து, மூடியை இறுக்கி மூடினார்.

போன் மறுபடி அடித்தது.

“என்னய்யா, பாதையைப் பாத்தியா?”

“பாத்தேன் சார். ஒரே சேறும் சகதியுமா கிடக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் க்ரேன் ஏறவே ஏறாது,” என்றார் சூப்பர்வைசர், மூன்று வாரமாக மழையையே காணாத பாதையில், முழங்கால் வரை புழுதியோடு நின்றபடி.