முட்டிவலி

"ஏங்க, உங்க அக்காவுக்கு இன்னிக்குத்தானா முட்டி வலிக்கணும்?"

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள் அவள். ரயில் அருங்காட்சியகத்தில் இரண்டாவது கொட்டகையைக்கூட இன்னும் தாண்டவில்லை. அதற்குள் அண்ணி இரண்டு தடவை உட்கார்ந்தாயிற்று.

"மெதுவாப் பேசு. காதுல விழப்போகுது," என்றான் கணவன்.

"விழட்டுமே! நாள் முழுக்க நின்னுக்கிட்டே துணி வெட்டுற தையல்கடைக்காரி. அங்கே வலிக்காத முட்டி இங்கே வந்ததும் வலிக்குதாக்கும்?"

அவளுடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. இந்தப் பயணமே அவள் அப்பாவுக்காகப் போட்டது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் என்றால் அவருக்கு உயிர். இன்ஜின் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டி, பேத்தியையும் ரயில் பைத்தியமாக்கி வைத்திருந்தார். நாலு பேர் கிளம்பும்போது, "நானும் வரேனே" என்று ஐந்தாவது ஆளாக ஒட்டிக்கொண்டவள் அண்ணி.

"மாமா, நீங்களும் கொஞ்சம் உட்காருங்களேன். தனியா உட்கார ஒரு மாதிரி இருக்கு."

அண்ணி கூப்பிட, அப்பா மறுபேச்சில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தாத்தா, அங்கே இன்ஜினைத் திருப்புற வட்டமேடை இருக்காம். வாங்க!" என்று குழந்தை கையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தைக்கு முட்டி வலிடா செல்லம். தாத்தா எனக்குத் துணை. நீ பார்த்துட்டு வந்து எங்களுக்குச் சொல்லு," என்றாள் அண்ணி.

கேட்டுக்கொண்டு நின்ற குழந்தையின் அம்மாவுக்கு உள்ளே புகைந்தது. வட்டமேடையைப் பார்க்க மரப்பாலத்தில் ஏற வேண்டும். மூவரும் ஏறினார்கள். மேலேயிருந்து அவள் திரும்பித் திரும்பி அண்ணியைத்தான் பார்த்தாள். அண்ணி பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்து, கைக்குட்டையால் அப்பாவுக்கு விசிறிக்கொண்டே ஏதோ வளவளத்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சுத் துணைக்கு எங்கப்பாதான் கிடைச்சாரா? அவரு காது புளிச்சிருக்கும்."

"சரி, விடேன். ஒரு நாள்தானே?"

"ஆமா, உங்க அக்காவைச் சொன்னா உங்களுக்குப் பொறுக்காதே!"

அப்போதுதான் வளாகமே அதிர நீராவி இன்ஜின் கூவியது. பழைய பெட்டிகள் இரண்டைக் கோர்த்துக்கொண்டு அருங்காட்சியகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவரும். ஒரு நாளைக்கு ஒரே ஓட்டம்தான். அப்பா ஒரு வாரமாகத் தூக்கத்தில்கூடப் பேசியது இதைப் பற்றித்தான்.

அவள் ஓட்டமும் நடையுமாகக் கீழே வந்தாள். "அப்பா, எழுந்திருங்க. ஜன்னலோரமா இடம் பிடிக்கணும்."

அப்பா எழப்போனார். அண்ணி அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, வேண்டாம். எனக்குத் தலை வேற சுத்துது. என்னை விட்டுட்டுப் போகாதீங்க."

அவ்வளவுதான். அவளால் அடக்க முடியவில்லை.

"அண்ணி, எங்கப்பா இந்த ரயிலுக்காகத்தான் இங்கே வந்ததே! தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா பிடிச்சு வச்சுக்கறீங்க? காலையிலேர்ந்து பார்க்கறேன். முட்டி வலிக்குது, தனியா இருக்கப் பயமா இருக்கு, இப்போ தலை சுத்துது! முடியாதவங்க வீட்டிலேயே இருந்திருக்கலாமே? சுயநலத்துக்கும் ஒரு அளவில்லையா?"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணியின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் பிடித்த கையை விடவில்லை.

"நீங்க போயிட்டு வாங்கம்மா. குழந்தை ஏங்கிப்போயிடும்," என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

ரயில் கிளம்பியது. குழந்தை ஆரவாரம் செய்தாள். அவளோ எதையும் ரசிக்கவில்லை. 'வீட்டுக்குப் போனதும் இருக்கு. இனிமே இந்த மனுஷி வர்ற இடத்துக்கு நான் வரவே மாட்டேன்' என்று மனசுக்குள் கருவிக்கொண்டே வந்தாள்.

பாதிச் சுற்று முடிந்து ரயில் திரும்பியபோது, ஜன்னல் வழியாக அந்தக் காட்சி கண்ணில் பட்டது.

அண்ணி ஓடிக்கொண்டிருந்தாள்!

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்டவாளங்களைத் தாண்டித் தாண்டி, வாசல் பக்கமாக, பந்தயத்தில் ஓடுவதுபோல!

"பாருங்க! உங்க அக்காவோட முட்டிவலியைப் பாருங்க! எப்படி ஓடறாங்க! அத்தனையும் நடிப்பு!"

கணவனும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

ரயில் நின்றதும் முதல் ஆளாகக் குதித்து இறங்கினாள். நேரே பெஞ்சுக்குப் போனாள். வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே பொரிந்து தள்ளினாள்.

"பார்த்தீங்களாப்பா? உங்களை ரயில் ஏறவிடாம உட்கார வச்சுட்டு, இப்போ என்ன ஓட்டம் ஓடறாங்க! வரட்டும். இன்னிக்கு நாக்கைப் பிடுங்கற மாதிரி நாலு வார்த்தை..."

"கேட்காதேம்மா."

குரல் ஈனமாக வந்தது. திரும்பினாள். அப்பாவின் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. வலது கை நெஞ்சின்மேல் இருந்தது.

"அப்பா!"

"பயப்படாதே, இப்போ கொஞ்சம் பரவாயில்லை. முதல் கொட்டகையிலேயே மூச்சு வாங்கிச்சு. களைப்புன்னு நினைச்சேன். உன்கிட்ட சொன்னா உடனே வீட்டுக்குத் திருப்பிடுவே, குழந்தை அழும். அதனாலே 'யார்கிட்டேயும் சொல்லாதே'ன்னு நான்தான் அவகிட்ட கெஞ்சினேன். நீங்க ரயில்ல போனப்புறம் நெஞ்சு அடைக்கிற மாதிரி வந்துச்சு. வாசல்ல முதலுதவி அறையில டாக்டர் இருக்காராம். கூட்டிட்டு வர ஓடியிருக்கா."

தூரத்தில், கையில் பெட்டியோடு வந்த ஒருவரை இழுக்காத குறையாக இழுத்துக்கொண்டு அண்ணி ஓடி வந்துகொண்டிருந்தாள்.

அப்பா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காலையிலேர்ந்து நீ அவளையே பார்த்துக்கிட்டு இருந்தேம்மா. அவ என்னைப் பார்த்துக்கிட்டா."