எந்த வரிசைக்குக் குழாய்?

முதலிபாளையம் பனியன் கம்பெனியின் குடியிருப்பில் எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள். எந்த வரிசையில் குடிப்பழக்கம் குறைவோ, அந்த வரிசைக்குத்தான் புதுத் தண்ணீர்க் குழாய் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

“குடிச்சது டாய்லெட் வழியா வெளியே வந்துதானே ஆகணும்? சாக்கடைத் தண்ணியைச் சோதிச்சா எந்த லைன்ல எவ்வளவு குடின்னு தெரிஞ்சிடும்” என்றாள், கோவையிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சி மாணவி சத்யப்பிரியா.

விஜயகுமாரிக்கு வயிறு எரிந்தது. அவள் வீட்டுக்காரன் தினமும் தள்ளாடி வருகிறவன். எதிர் வரிசைச் சித்ரகலாவின் கணவனோ டீகூடக் குடிக்காதவன்.

“குழாய் எங்களுக்குத்தானுங்க அக்கா. நீங்க வேணா வந்து ஒரு கொடம் புடிச்சுக்கோங்க” என்று சித்ரகலா சிரித்தபோது எரிச்சல் இன்னும் கூடியது.

மறுவாரம் முடிவு வந்தது. சித்ரகலாவின் வரிசையில் கொஞ்சம் மது. விஜயகுமாரியின் வரிசையில் பூஜ்யம்!

புதுக் குழாயில் முதல் குடத்தை நிரப்பிக்கொண்டே விஜயகுமாரி கூவினாள். “சித்ரா, டீ குடிக்காதவரு வேற என்னத்தைக் குடிச்சாருன்னு கேளு கண்ணு!”

சித்ரகலா கணவனை முறைத்தபடி உள்ளே போனாள்.

விடைபெற வந்த சத்யப்பிரியா விஜயகுமாரியிடம் கூச்சத்தோடு கேட்டாள். “அக்கா, உங்க வீட்டு டாய்லெட்டுக்குப் போயிட்டு வரட்டுங்களா?”

“ஐயோ கண்ணு, அதுல கூரை வரைக்கும் பனியன் வேஸ்ட் மூட்டை கெடக்குது. எங்க லைன்ல எல்லார் ஊட்லயும் அப்படித்தான். நாங்க பின்னால காட்டுக்குத்தானே போறோம்!”