அகல்யா கட்டிய ஜாஸ் பாட்டு

விருத்தாசலம் செராமிக் யூனிட்டில் வேலை பார்க்கும் அகல்யா, தெருப் பொங்கல் விழாவில் பாடப் பெயர் கொடுத்திருந்தாள். விழாவை நடத்தும் சிவசங்கரி, பாட்டு எழுதிய தாளை வாங்கிப் படித்தாள்.

“நூறு வருஷத்துக்கு முந்தின ஜாஸ் மாதிரின்னு சொன்னீங்க. ‘தண்ணி குடு, ஜன்னலத் தொற, கால் வலிக்குது’ன்னு எழுதியிருக்கீங்களே?”

“அந்தக் காலத்து ஜாஸுன்னா எங்க வூட்டுக்காரருக்கு உசுருங்க. மெட்டும் வார்த்தையும் அவருக்காக நானே போட்டது.”

மேடையில் குட்டி கிதார் போன்ற யுகுலேலியை மீட்டியபடி அகல்யா பாடினாள். கூட்டம் சிரித்தது. பாடி முடித்தும் அவள் வாசிப்பை நிறுத்தவில்லை. முன்வரிசையில் இருந்த கணவன் வெற்றிவேலையே பார்த்தாள்.

அவன் உதடுகள் துடித்தன. அதே மெட்டில் மெல்லப் பாடினான்.

“அகல்யா... வூட்டுக்குப் போலாம்.”

“இந்த வரி தாள்ல இல்லையே?” என்றாள் மேடையோரம் நின்ற சிவசங்கரி.

“இல்லீங்க,” என்றாள் அகல்யா. “பக்கவாதம் வந்து எட்டு மாசமா அவருக்குப் பேச்சு கெடையாது. பேச வராதவங்க சில பேருக்குப் பாட வரும்னு டாக்டர் சொன்னாரு. அதான், வேணுங்கிறதக் கேக்குற மாதிரி பாட்டு எழுதிப் பழக்கினேன். இதுவரைக்கும் நான் எழுதினதத்தான் பாடினாரு. இது அவரே கட்டின வரிங்க.”