கூப்பிட்டபோது போகாத சீர்

கவிராயர் மாசிலாமணியின் வீட்டு அலமாரியில், பாட்டின் அடிகளை நிரப்பும் சீர்கள் எல்லாம் குடியிருந்தன. இரண்டு அசையே கொண்ட சின்னச் சீர்களான தேமாவுக்கும் கூவிளத்துக்கும் தினமும் வேலை இருந்தது. நான்கு அசை நீளமுள்ள கருவிளந்தண்ணிழலை மட்டும் அவர் முப்பது வருஷமாக ஒரு பாட்டுக்கும் கூப்பிடவில்லை.

அந்த ஐப்பசியில் அவர் மனைவி திரிபுரசுந்தரி இறந்துபோனாள். அவளுக்கு இரங்கற்பா எழுத உட்கார்ந்தவர் முதல் அடியிலேயே நின்றுவிட்டார். அவள் பெயர் எந்தச் சின்னச் சீரிலும் அடங்கவில்லை; அதற்கு நான்கு அசை வேண்டியிருந்தது.

"கருவிளந்தண்ணிழலே, கொஞ்சம் வாயேன்" என்றார்.

"போ, உன்னைத்தான் கூப்பிடுகிறார்" என்றது கூவிளம்.

"இத்தனை வருஷமாக நான் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. இன்னொரு தரம் கூப்பிடட்டும், போகிறேன்" என்றது கருவிளந்தண்ணிழல்.

அவர் இன்னொரு தரம் கூப்பிடவில்லை. பெயரைச் 'சுந்தரி' என்று குறுக்கிக்கொண்டு கூவிளத்தை அழைத்தார். அது தயங்கிக்கொண்டே போய் அடியில் உட்கார்ந்தது.

பதினாறாம் நாள், கூடத்தில் உறவினர் நடுவே அவர் அந்தப் பாட்டைப் படித்தார். 'சுந்தரி' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. தாளை மடித்து வைத்து எழுந்து போனார்.

"என்ன ஆயிற்று அவருக்கு?" என்று கேட்டது கருவிளந்தண்ணிழல்.

"அவர் அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை" என்றது கூவிளம். "முழுப் பெயரையும் சொல்லித்தான் கூப்பிடுவார்."

அலமாரியில் இருந்தபடி கருவிளந்தண்ணிழலும் அந்த முழுப் பெயரைத் தினமும் கேட்டதுதான்.