சுரக்காத பயம்

குதிகாலில் ஊசி பட்டதும் நிறைமாதக் குழந்தை முகம் சிவந்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது.

பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த, ஏழாம் மாதத்திலேயே பிறந்த குழந்தையைக் குத்தியபோது சத்தமே இல்லை. கால் லேசாக நடுங்கிவிட்டு அப்படியே கிடந்தது.

நர்ஸ் வேம்பு இரண்டு ரத்தத்தையும் தனித்தனிக் குப்பிகளில் எடுத்து ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். நாள் நிறைந்து பிறந்த உடம்பும் குறைமாத உடம்பும் பிறந்த அதிர்ச்சியை எப்படித் தாங்குகின்றன என்று புதிதாக வந்த குழந்தை டாக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ரத்தம் சென்னைக்குப் போய் முடிவு வர நாளாகும்.

"சின்னதுக்கு பிரஷர் இறங்குது. ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேணாம், ஊசியைப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பிரசவ அறைக்கு ஓடியிருந்தார்.

அவள் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது செருப்பைக் கழற்றாமல் ஒருவர் உள்ளே வந்தார்.

இராஜாங்கம். குடவாசல் பக்கம் வேலிக்கணக்கில் நஞ்சை நிலம் உள்ளவர். வேம்பு பாவாடை கட்டிய பிள்ளையாக இருந்தபோது, அறுப்புக்கூலியைக் கூட்டிக் கேட்டதற்காக அவள் அப்பாவைக் களத்துமேட்டில் கட்டிவைத்து அடித்தவர்கள் இவருடைய ஆட்கள். அப்பாவின் வலது கை அதன்பிறகு அரிவாளைப் பிடிக்கவில்லை. குடும்பமே ஊரை விட்டுப் போயிற்று.

அவருக்கு அவளைத் தெரியவில்லை. கூலிக்காரர் தெருப் பிள்ளைகளின் முகத்தை அவர் எந்நாளும் பார்த்ததில்லை.

"இது கமலவல்லி பிள்ளைதானே?"

கமலவல்லி அவருடைய ஒரே மகள். வலிப்போடு கொண்டுவந்து சேர்த்து, அவசரமாகப் பிள்ளையை எடுத்திருந்தார்கள். அவள் இன்னும் கண் திறக்கவில்லை.

"ஆமா சார்."

வேம்பு எழுந்திருக்கவில்லை. அய்யா என்று வாயில் வரவுமில்லை.

"என்ன கோளாறு இதுக்கு?"

"பயமோ வலியோ வந்தா நம்ம உடம்பு ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அதுதான் நம்மளத் தாங்கிப் புடிக்கும். நிறைமாசப் பிள்ளைக்குப் பொறக்கும்போதே அது கூடிடும். இதுக்கு இன்னும் சரியா சுரக்கலை. அதையே ஊசியா போடணும்."

"போடலைன்னா?"

அவர் குரல் தாழ்ந்திருந்தது. அந்தக் குரலை ஒருநாளாவது கேட்க வேண்டும் என்று வேம்பு வளர்ந்த காலமெல்லாம் நினைத்திருக்கிறாள். வேறு யாராக இருந்தாலும், பயப்படாதீங்க, பார்த்துக்கலாம் என்று சொல்லியிருப்பாள். இவருக்குச் சொல்ல மனம் வரவில்லை.

"தாங்காது சார்."

"எவ்வளவு நேரம் கிடக்கும்?"

"பொழுது சாயறதுக்குள்ள போயிடும்."

நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"கத்துமா?"

"கத்தத் தெம்பு ஏது? சத்தமில்லாம அடங்கிடும்."

கண்ணாடியில் வைத்த அவர் விரல்களைப் பார்த்தாள். துடிக்கட்டும் என்றிருந்தது. பிறகு ஊசியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"வேணாம்."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. "நான் தொடக்கூடாதுன்னா வேற சிஸ்டரைக் கூப்பிடறேன்."

"யாரும் போட வேணாம்."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வயல் பேரம் பேசுகிறவர் போல நிதானமாகச் சொன்னார்.

"இதோட அப்பன் எங்க வயல்ல நடவு நட்டவளோட மவன். என் பொண்ணைக் கடத்திட்டான்னு ஸ்டேஷன்ல உட்கார வச்சிருக்கேன். அவன் கதை முடிஞ்ச மாதிரிதான். ஆனா பொண்ணுக்கும் சொத்துல சரிபங்குன்னு சட்டம் போட்டுட்டானுங்க. இது தங்கிடுச்சுன்னா நாளைக்கு என் வரப்புல நின்னு பங்கு கேக்கும். பொழுது சாயற வரைக்கும் நீ அந்தப் பக்கம் போய் இரு. நீதானே சொன்னே, சத்தம்கூட வராதுன்னு."



அவரை நோகடிப்பதற்காக வேம்பு சொன்ன ஒவ்வொரு பதிலும் அவர் கேட்க வந்த நல்ல சேதியாகவே போய்ச் சேர்ந்திருந்தது.

அவள் பெட்டியை நெருங்கி, மறுபடி குறுக்கே வந்த அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து விலக்கினாள். கனமான கை. அவர் திகைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது, மருந்தைச் சலைன் குழாய்க்குள் மெதுவாகச் செலுத்தினாள்.

"யாரு வீட்டுப் பொண்ணு நீ?"

"டூட்டி நர்ஸ். வெளியில போங்க சார்."

டாக்டர் வந்ததும் நடந்ததைச் சொன்னாள். அவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, இனி அந்த ஆளை உள்ளே விடக்கூடாது என்றார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பிரஷர் ஏறத் தொடங்கியது. மறுநாள் கமலவல்லி கண் விழித்து, முதல் வார்த்தையாகப் பிள்ளையைக் கேட்டாள்.

இராஜாங்கம் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, சோறு தண்ணி இல்லாமல் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயா எல்லையம்மாள் மனம் கேட்காமல் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"என்ன பாசம் பாரு" என்றாள் வேம்புவிடம். "பேரப்பிள்ளைக்காக இந்தக் காலத்துல யாரு இப்படிக் காத்துக் கிடக்கா."

டூட்டி முடிந்தும் வேம்பு பெட்டியை விட்டு அன்றும் வீட்டுக்குப் போகவில்லை.