வந்துட்டுப் போ

பார்வையில்லாத இருதயராஜுக்கு எல்லாச் செய்திகளையும் போன்தான் வாசித்துச் சொல்லும். ஆண்ட்ராய்டிலேயே இருப்பதா, ஐபோனுக்கு மாறுவதா என்று முடிவெடுக்கக் கடைக்கு வந்திருந்தார். குரலைக் கேட்டுப் பார்க்க, மூன்று வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன் போன வாரம் அனுப்பிய செய்தியையே கடைப்பெண்ணிடம் புதிய ஐபோனில் அடிக்கச் சொன்னார். போன் வாசித்தது:

“வீட்டுக்கு வந்துட்டுப் போ.”

பழைய போனில் அது அதட்டலாகக் கேட்டிருந்தது. அதனாலேயே அவர் பதில் போடவில்லை. இதில் கெஞ்சலாகக் கேட்டது. இன்னொரு தரம் கேட்டார். கெஞ்சல்தான்.

“இதையே எடுத்துக்கிறீங்களா சார்?”

“நீ ஒரு தடவ படிச்சுச் சொல்லும்மா.”

அவள் படித்தாள். அதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

இருதயராஜ் எழுந்து கைத்தடியை விரித்தார். “போன் வாங்குறத அப்புறம் பாத்துக்கலாம். எங்க அண்ணன் வீட்டுக்குப் போகணும், ஒரு ஆட்டோ மட்டும் கூப்பிட்டு விடும்மா.”