செடி அனுப்பிய விசா

டாஸ்மேனியாவில் செடிகளுக்குக் குடியுரிமை கிடைத்த வருடம் அது. யாழ்ப்பாணத்திலிருந்த அம்மாவை அழைத்துக்கொள்ள வசீகரி மூன்று முறை விண்ணப்பித்தும் விசா கிடைக்கவில்லை. அவள் வீட்டின் பின்னால் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்த எபாக்ரிஸ் என்ற புதர்ச்செடி, அந்த இனத்திலேயே மிஞ்சிய கடைசிச் செடி. அதைப் பராமரிக்க ஆள் வேண்டுமென்று செடியின் பெயரில் விண்ணப்பித்தாள். ஒன்பதே நாளில் விசா வந்தது.

“நீ கூப்பிட்டு விடாதவங்கள், பூச்செடி கூப்பிட்டவுடனே விட்டிட்டாங்கள்!” என்று வந்திறங்கிய அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு நிபந்தனை இருந்தது. தினமும் ஆறு மணிநேரம் அவர் செடியின் அருகிலேயே இருக்க வேண்டும்.

வேலை முடிந்து வந்த வசீகரி, “குளிருது, உள்ளுக்கு வாங்கோ அம்மா” என்றாள்.

“இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்குப் பிள்ளை. நீ இஞ்சால வா.”

ஆறு வருடங்களாக அம்மாவைத் திரையில் மட்டுமே பார்த்திருந்த வசீகரி, அவருடைய போர்வைக்குள் நுழைந்துகொண்டாள்.